டீக்கடை பெஞ்சில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேள்வி பதில்

தர்மபுரி நான்கு ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிற பழைய பள்ளிக்கூட நண்பர்கள் நாங்கள். பாதிப் பேர் ஊரோடு இருக்கிறோம். மீதிப் பேர் ஓசூர், பெங்களூரு, திருப்பூர், சென்னை என்று பிரிந்து போய், பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் வந்து சேருவார்கள். வந்ததும் போன வருஷம் கேட்ட அதே கேள்வி, போட்ட அதே சண்டை. வெளியூரிலிருந்து வந்த மருமகன், மருமகள்கள் கேட்கிற சந்தேகங்கள் தனி. முடிந்துபோன பஞ்சாயத்துகளை எழுதி வைத்துவிட்டால் புதுச் சண்டைக்கு நேரம் மிச்சமாகும் என்றுதான் இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதிலில் தெரியும் ஓரவஞ்சனை என்னுடையது.

ஊர் பேரு தர்மபுரியா, தருமபுரியா? போர்டுக்கு போர்டு மாறுதே!

இரண்டும் ஒன்றுதான். அரசு ஆவணங்களில் 'தருமபுரி மாவட்டம்' என்று உகரம் சேர்த்து எழுதுவார்கள். பேச்சில் அந்த உகரத்துக்காக யாரும் நின்று மூச்சு விடுவதில்லை. விண்ணப்பத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படி எழுதுங்கள், மற்ற இடத்தில் உங்கள் இஷ்டம்.

நீங்க தர்மபுரிக்காரரா, கிருஷ்ணகிரிக்காரரா? ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றீங்களே மாமா?

எந்த வருஷத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் எல்லாமே சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஊத்தங்கரைப் பக்கத்து நண்பர் ஒருவர் பிறந்தது சேலம் மாவட்டம், படித்தது தர்மபுரி மாவட்டம், ஓய்வு பெற்றது கிருஷ்ணகிரி மாவட்டம். மூன்றுக்கும் வீடு ஒரே வீடுதான், ஓடு மாற்றியதோடு சரி.

ராஜாஜி எந்த மாவட்டம் என்று கேட்டு மடக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே பதில். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-இல் அவர் பிறந்தபோது அது சேலம் மாவட்டம். 1972 டிசம்பரில் அவர் காலமானபோது அதே ஊர் தர்மபுரி மாவட்டம். இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். மூன்று மாவட்டத்துக்காரர்களும் உரிமை கொண்டாடலாம், சண்டை வேண்டாம்.

ராகியா, கேழ்வரகா, கேப்பையா, ஆரியமா? இதுல எதுதான் சரி?

எல்லாம் ஒரே தானியம். எங்கள் பக்கம் ராகி. பள்ளிப் புத்தகத்தில் கேழ்வரகு. சேலம், கொங்குப் பக்கம் பெரியவர்கள் ஆரியம் என்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த மருமகள் கேப்பை என்பாள். அவள் வந்த புதிதில் மாமியார் "ராகி மாவு எடும்மா" என்று சொல்ல, "அது எங்க இருக்கு அத்தை? இங்க கேப்பை மாவுதான் இருக்கு" என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே தேடிய கதை எங்கள் கூட்டத்தில் வருஷா வருஷம் சொல்லப்படும். ஒவ்வொரு வருஷமும் டப்பா கொஞ்சம் பெரிதாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழம்ப வேண்டாம். வரகு வேறு, கேழ்வரகு வேறு. வரகு சோறாக வடிக்கிற சிறுதானியம், சாமை மாதிரி. பெயர் பாதி ஒத்துப்போகிறது என்று வரகை அரைத்துக் களி கிண்டினால் வருவது களியல்ல.

களியை மெல்லக் கூடாது, முழுங்கணும்கிறாங்களே, நிஜமாவா? தொண்டையில அடைக்காதா?

நிஜம்தான். சரியாகக் கிண்டிய களி அடைக்காது. கொதிக்கிற தண்ணீரில் நொய் போட்டு, அது குழைந்ததும் ராகி மாவை மேலே குவித்து, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி விட்டு மூடி வைப்பார்கள். ஆவி அந்தக் குழி வழியாக ஏறி மாவை வேக வைக்கும். பிறகு சட்டியைத் தரையில் இறக்கி, துணியைச் சுற்றி இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அப்புறம் நனைத்த கிண்ணத்தில் போட்டு உருட்டினால் பந்து மாதிரி வந்து விழும்.

ஒரு துண்டு கிள்ளி, நடுவில் விரலால் பள்ளம் செய்து, கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ முக்கி எடுத்து அப்படியே உள்ளே அனுப்பிவிட வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும். அடைக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பெரிய துண்டு கிள்ளுகிறவர்கள், அல்லது குழம்பில் கஞ்சத்தனம் பண்ணுகிற வீட்டில் சாப்பிட்டவர்கள்.

நிப்பட்டுன்னா நம்ம தட்டைதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு பெருமை?

தட்டை என்று சொல்லிவிட்டு காவேரிப்பட்டினத்தில் நிற்க முடியாது. அரிசி மாவு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, மிளகாய் என்று சாமான் ஏறக்குறைய ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்திலும் நிப்பட்டுதான். சேலத்தில் அதையே தட்டுவடை என்பார்கள், இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காய்கறியும் சட்னியும் வைத்து 'செட்' என்று விற்பார்கள். சேலத்து நண்பர் வந்தால் இந்தத் தலைப்பை எடுக்க வேண்டாம். மாம்பழம் வேறு பாக்கி இருக்கிறது, அதைக் கீழே பார்க்க.

உங்க பக்கம் ஊர் பேர் எல்லாம் ஏன் 'அள்ளி'ன்னு முடியுது? என்னத்தை அள்றீங்க?

இந்தக் கடியை முதல் முறை சொல்கிறவருக்கு ஒரு வடை இலவசம். பழைய 'பள்ளி'தான் இது. கன்னடத்தில் பகரம் ஹகரமாக மாறிப் பள்ளி 'ஹள்ளி' ஆனது. இங்கே அந்த ஹகரமும் உதிர்ந்து அள்ளியாக நின்றுவிட்டது. மாரண்டஅள்ளி, பைசுஅள்ளி எல்லாம் அப்படி வந்தவை. போச்சம்பள்ளியும் வேப்பனப்பள்ளியும் பகரத்தை விடாமல் வைத்திருக்கின்றன.

ஒகேனக்கல்லும் அந்த வழியில் வந்ததுதான். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. அருவி விழுகிற இடத்தில் எழும்பும் நீர்த்திவலை புகை மாதிரி தெரிவதால் புகைகிற கல். பெங்களூரு நண்பர் முழுதாக 'ஹொகேனக்கல்' என்று உச்சரிப்பார். பென்னாகரத்துக்காரர் ஒகேனக்கல் என்பார். பரிசல்காரர் இருவரிடமும் ஒரே காசுதான் வாங்குவார்.

கே.ஆர்.பி. டேமும் கே.ஆர்.எஸ். டேமும் ஒண்ணா?

இல்லவே இல்லை. கே.ஆர்.பி. என்பது கிருஷ்ணகிரி அணை, தென்பெண்ணையின் குறுக்கே இருக்கிறது, 1957-இல் திறந்தது. கே.ஆர்.எஸ். மைசூரு பக்கம் காவிரியில் இருக்கிற கிருஷ்ணராஜ சாகர். டி.வி.யில் கே.ஆர்.எஸ். நிரம்பியது என்று செய்தி கேட்டு கிருஷ்ணகிரிக்கு மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பாதீர்கள். மீன் எப்படியும் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

'காரிமங்கலம் தாண்டிட்டேன்'னு போன்ல சொன்னா எவ்வளவு நேரத்துல வந்து சேருவான்?

கிருஷ்ணகிரியிலிருந்து நெடுஞ்சாலையில் வரும்போது முதலில் காவேரிப்பட்டினம், அடுத்து காரிமங்கலம், அப்புறம் தர்மபுரி. இது வரைபடத்தில் உள்ள வரிசை. நண்பர்கள் போனில் சொல்லும் வரிசை வேறு. 'காரிமங்கலம் தாண்டிட்டேன்' என்றால் கிருஷ்ணகிரியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான். 'காவேரிப்பட்டினத்துல இருக்கேன்' என்றால் இன்னும் குளிக்கவில்லை. 'கிளம்பிட்டே இருக்கேன்' என்றால் வரமாட்டான், டீயை ஆர்டர் பண்ணிவிடலாம்.

சேலத்திலிருந்து வருகிறவர்களின் கணக்கு தொப்பூர் கணவாய். 'தொப்பூர்ல லாரி நின்னு ஒரே டிராபிக்' என்பது யாரும் மறுக்க முடியாத காரணம், ஏனென்றால் பல நாள் அது உண்மையாகவே இருக்கும். அதனால் இந்த ஒரு சாக்கை மட்டும் நாங்கள் விசாரிப்பதில்லை. ஓசூர்க்காரருக்கு இரண்டு வழி உண்டு, கிருஷ்ணகிரி வழி ஒன்று, ராயக்கோட்டை, பாலக்கோடு வழி ஒன்று. எந்த வழியில் வருகிறாய் என்று கேட்டால் எப்போதும் மற்ற வழியைச் சொல்வார். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நேரத்துக்கு வருகிறவர் ஒருவர் உண்டு. அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவரோடு தனியாக உட்கார நேரிடும் என்ற பயமும் மற்றவர்கள் தாமதமாக வர ஒரு காரணம்.

'பை டூ' சொன்னா காசு யார் கொடுக்கணும்?

பெங்களூரிலும் ஓசூரிலும் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் கேட்பது சாதாரணம். தர்மபுரியில் சில டீ மாஸ்டர்கள் இன்னும் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கேட்டவரே காசு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத் தீர்ப்பு. 'எனக்கு சுகர், பாதி போதும்' என்று சொல்லி மற்றவர் டீயிலிருந்து பாதி வாங்குவது பை டூ ஆகாது. அது வழிப்பறி.

மாப்ள, மச்சான், பங்காளின்னு கூப்பிட்டுக்கறீங்களே, முறை சரியா வருதா?

வரவே வராது. மச்சான் பரவாயில்லை, மனைவியின் அண்ணன் தம்பியும் மச்சான், அக்கா தங்கை புருஷனும் மச்சான், ஆகவே இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மாப்ள அப்படியில்லை. ஒருவர் மாப்பிள்ளையானால் எதிரே இருப்பவர் மாமனோ மச்சானோ ஆகித்தான் தீர வேண்டும். ஒரே பெஞ்சில் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் மாப்ள என்றால் பெண் கொடுத்த வீடு எது?

பங்காளி இன்னும் சிக்கல். பங்காளி என்றால் ஒரே தகப்பன் வழி, சொத்தில் பங்கு உள்ளவன். பெண் கொடுத்து வாங்குகிற மாமன் மச்சான் வகை அதற்கு எதிர்ப்பக்கம். ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கவே முடியாது. ஆனால் எங்கள் டீக்கடையில் டீ சொல்லும்போது மாப்ளயாக இருப்பவர் பில் வரும்போது பங்காளி ஆகிவிடுவார். இதைக் கேட்டது நண்பரின் புது மருமகள், நல்ல கேள்வி. உங்கள் மாமனாரிடம் நேரில் கேட்க வேண்டாம், அவர்தான் இதில் முதல் குற்றவாளி.

கிளம்பும்போது 'போறேன்'னு சொன்னா ஏன் அப்பா திட்டறார்? போறதைத்தானே சொன்னேன்?

'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போறேன் என்பது திரும்பி வராத பயணத்துக்கு ஒட்டிக்கொண்ட சொல். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பதும், செத்துப்போனார் என்று சொல்லாமல் காலமானார் என்பதும் இதே கணக்கு. நன்னூலில் இதற்கு மங்கலம் என்று பெயரே இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இலக்கணம் தெரிந்து திட்டவில்லை, அவருடைய அம்மா திட்டியதால் திட்டுகிறார்.

'எங்க போற' என்று வாசலில் கேட்பதற்கும் அதே திட்டு விழும். 'தூரமா?' என்று கேட்டுப் பழகுங்கள். பதில் எப்படியும் 'கடைக்கு' என்றுதான் வரும்.

நீங்க நாலு பேர் சேர்ந்தா பேசறது வீட்ல யாருக்கும் புரியலை. இது மரியாதையா?

மரியாதை இல்லைதான், இலக்கணம் உண்டு. முந்தைய பதிலில் சொன்ன மங்கலத்துக்குப் பக்கத்திலேயே நன்னூல் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்கிறது. ஒரு கூட்டத்தார் மற்றவர்களுக்குப் புரியாமல் தங்களுக்குள் ஆளும் சொல். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பதும் வகுப்பில் வாத்தியார் சொல்லும் உதாரணங்கள். வாடிக்கையாளர் எதிரிலேயே பறி என்று பேசிக்கொள்ள ஏதோ அவசியம் இருந்திருக்கிறது, அதற்குமேல் கேட்கக் கூடாது.

வாயே திறக்காமல் நடக்கும் குழூஉக்குறியும் உண்டு. மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். விற்பவரும் தரகரும் கைகோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். முகத்தில் ஒரு அசைவு இருக்காது. துண்டு மட்டும் லேசாக ஆடும். ஒருவர் கையை உதறி எடுத்துக்கொண்டு நாலடி நடப்பார், மற்றவர் கூப்பிடுவார், திரும்ப வந்து துண்டு விழும். பக்கத்தில் நிற்கும் மாட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது என்ன விலை என்று. எங்கள் பேச்சு அந்த அளவுக்கு உயரவில்லை. வீட்டில் புரியாமல் இருக்க நாங்கள் சொல்லும் 'கமிட்டி மீட்டிங்' எல்லோர் வீட்டிலும் எப்போதோ புரிந்துவிட்டது.

'தக்காளி'ன்னு திட்றது தப்பா தாத்தா?

வேறு ஒரு சொல்லை மறைக்க வைத்த சொல் என்பதால் மூன்றாவது இலக்கணமும் வந்துவிட்டது, இடக்கரடக்கல். சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைப்பது. கால் கழுவி வந்தான் என்பது வகுப்பில் சொல்லும் உதாரணம், தக்காளி உன்னுடைய உதாரணம். தேர்வில் எழுதாதே.

பாலக்கோட்டு நண்பர் முன்னால் மட்டும் சொல்லாதே. தக்காளி விவசாயி அவர். பெட்டி விலை விழுந்து, பறிப்புக் கூலிக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்ட வருஷங்களில் அந்தச் சொல் அவர் வாயிலும் வரும், எதையும் மறைக்காமல்.

சேலத்து மாம்பழம்னு வண்டியில விக்கறானே, அது நம்ம மாம்பழம்தானே?

பெரும்பாலும் ஆமாம் என்பது கிருஷ்ணகிரிக்காரர் கட்சி. சேலத்திலும் தோப்பு இருக்கிறது என்பது சேலத்துக்காரர் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டாவது கேள்வியின் பதிலைத் திரும்பப் பாருங்கள். 1965 வரை கிருஷ்ணகிரித் தோப்பும் சேலம் மாவட்டத் தோப்புதான். மாவட்டம் பிரிந்தது, வண்டிக்காரர் கூவல் பிரியவில்லை.

ரகத்தைத் தெரிந்துகொண்டால் இந்தச் சண்டையே தேவையில்லை. செந்தூரா முன்னால் வரும், நீலம் சீசன் முடிகிற நேரத்தில் வரும். மல்கோவா உருண்டை, விலையும் கொஞ்சம் கனம். மூக்கு வளைந்த தோத்தாபுரியைப் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்வோம், மாங்கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போவது அதுதான். காயாக உப்பு மிளகாய்த்தூளோடு கடிக்கவும் அதுவே. கூழ் ஆலையில் வேலை பார்த்த நண்பர் மட்டும் சீசனில் மாம்பழம் தொடமாட்டார், மாம்பழ ஜூஸ் வாசம் வந்தால் இடம் மாறி உட்காருவார்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்வாரு. கப்சாதானே?

தாத்தாவை நம்புங்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் குறுகிய பாதையில் சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். தர்மபுரிக்கு அப்புறம் சேலம், பெங்களூரு பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அது வாக்குறுதியாக மட்டும் வந்து போகும்.

நெல்லிக்கனி சாப்பிட்ட ஔவையும் ஆத்திசூடி எழுதின ஔவையும் ஒருத்தர்தானே? அதான் அவ்வளவு வருஷம் இருந்திருக்காங்க!

அருமையான வாதம், இதைச் சொன்ன நண்பர் அன்றைக்கு டீக்குக் காசு கொடுக்கவில்லை. ஆனால் தமிழ் ஆய்வாளர்கள் ஒப்புவதில்லை. தகடூரை, அதாவது பழைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லி வாங்கியவர் சங்க காலத்து ஔவை. ஆத்திசூடி ஔவை சோழர் காலத்தவர் என்பார்கள். நடுவில் ஏறக்குறைய ஆயிரம் வருஷம்.

எந்த மலை நெல்லி என்ற கேள்விக்குத் தீர்த்தமலைக்காரரும் பென்னாகரத்துக்காரரும் தன் ஊர்ப்பக்கத்து மலையையே காட்டுவார்கள். புறநானூற்றில் ஔவை 'பெருமலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார், மலையின் பெயர் இல்லை. அதனால் இருவரும் தொடர்ந்து காட்டலாம். கணக்கு வாத்தியார் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்றும் அதே ஔவை பாடியிருக்கிறார், ஆகவே டீக்குச் சர்க்கரை போடுவது நம் ஊர்ப் பாரம்பரியம் என்பார். அவருக்கு டாக்டர் சர்க்கரை தடை செய்திருக்கிறார்.

பாரமகால்னா பன்னிரண்டு கோட்டைன்னு சொல்றாங்களே, எது எது?

கிருஷ்ணகிரிக் கோட்டையில் எல்லோரும் ஒத்துப்போவார்கள், ஜெகதேவியிலும் பெரிய தகராறு இல்லை. மற்றதில் ஆளுக்கு ஒரு பட்டியல். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் எனப்பட்ட இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது வரை தெளிவு, பன்னிரண்டை எண்ணத் தொடங்கினால்தான் குழப்பம். எங்கள் கூட்டத்துப் பட்டியல்களை எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டுக்கு மேலேயே போகிறது.

இவ்வளவு சண்டை எதுக்கு? போன்ல தேடிப் பாத்துட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுதே?

முடிந்துவிடும் என்பதால்தான் தடை. பேச்சு நடுவில் போனை எடுத்துத் தேடுகிறவர் அன்றைய மொத்த டீக்கும் காசு கொடுக்க வேண்டும். மேலே சொன்ன கோட்டைப் பட்டியலைத் தேடிப் பார்த்த சென்னை நண்பர் இரண்டு இடத்தில் இரண்டு பட்டியல் கிடைத்து, காசும் கொடுத்து, முன்னைவிட அதிகக் குழப்பத்தோடு வீட்டுக்குப் போனார்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க மட்டும் போன் எடுக்கலாம், அபராதம் இல்லை. பென்னாகரத்துக்காரர் அதையும் நம்பமாட்டார். எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, கண்டக்டரையே கேட்டுவிட்டு வந்து, இன்னொரு டீ சொல்வார்.